சரணம் தெரிந்தவர்கள்

பி.ஏ. மூன்றாம் ஆண்டு – தொடர்

எங்கள் வகுப்பில் எல்லோரும் 2005ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஆனால் யாராவது 1980களின் இளையராஜா பாட்டு ஒன்றை முணுமுணுத்தால், பாதி வகுப்பு பல்லவியோடு நின்றுவிடும். மீதிப் பாதி இடையிசையையும் வாயாலேயே வாசித்து, முதல் சரணம் தாண்டி, இரண்டாவது சரணத்தின் கடைசி வரி வரைக்கும் போகும். இதை வைத்தே யார் எப்படிக் கல்லூரிக்கு வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பல்லவிக்காரர்கள் விடுதியில் தங்கியிருப்பவர்கள், அல்லது டூவீலரில் வருபவர்கள். அவர்களுக்குப் பாட்டு ரீல்ஸ் வழியாக வருகிறது. ரீல்ஸில் ஒரு பாட்டுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். சரணம் தெரிந்தவர்கள் பிரைவேட் பஸ்ஸில் வருபவர்கள்.

எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் பிரைவேட் பஸ் என்றால் பாட்டு என்று அர்த்தம். கும்பகோணம், சிதம்பரம், சீர்காழி என்று எந்தப் பக்கம் போகிற வண்டியாக இருந்தாலும் பாட்டுச் செட் இல்லாமல் கிளம்பாது. பாட்டு நன்றாக இருக்கும் வண்டிக்காகப் பத்து நிமிஷம் காத்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களில் நானும் ஒருத்தி. முன்பு கேசட், பிறகு சி.டி., இப்போது பென் டிரைவ். டவுனில் மொபைல் கடைகளில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறார்கள். எந்தப் பாட்டு எந்த வரிசையில் வர வேண்டும் என்பதை டிரைவர்தான் தீர்மானிக்கிறார். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலை முதல் நடையில் பக்திப் பாட்டு. சீர்காழி கோவிந்தராஜன் குரல் சீர்காழி ரோட்டிலேயே ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். ஆடி மாதமென்றால் எல்.ஆர். ஈஸ்வரி. எட்டு மணிக்கு மேல், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறியதும் இளையராஜா. சாயங்கால நடையில் எஸ்.ஏ. ராஜ்குமாரும் தேவாவும். ‘பூவே உனக்காக’, ‘சூர்யவம்சம்’ காலத்துப் பாட்டுகளை நாங்கள் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாலரை மணி பஸ்ஸில், ஒற்றைக் காலில் நின்றபடி தெரிந்துகொண்டோம்.

ஒருமுறை மணல்மேட்டிலிருந்து வரும் என் தோழி, ஒரு சோகப் பாட்டைச் சொல்லி அதைப் போடச் சொன்னாள்.

“அந்தப் பாட்டா? அது கடைசி நடைக்கும்மா. காலைல போட்டா சனம் சோர்ந்து போயிடும்” என்றார் டிரைவர்.

“நாங்க கடைசி நடைக்கு வர மாட்டோமே அண்ணே.”

“அப்ப லீவு நாள்ல ஊருக்குப் போயிட்டு ராத்திரி திரும்பி வா. கேட்கலாம்.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு அது தொழில் சார்ந்த விஷயம். எந்த நேரத்தில் எந்த மனசோடு ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். என் போனில் இருக்கும் பாட்டுச் செயலியும் நான் கேட்டதை வைத்து அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அதற்கு நான் ஒருத்தி மட்டும்தான். டிரைவருக்கு அறுபது பேர். அந்த அறுபது பேரில் நாற்று நடப் போகும் அம்மாக்கள் உண்டு, தாலுகா ஆபீஸ் போகும் தாத்தா உண்டு, ஐ.டி.ஐ. பையன்கள் உண்டு. எல்லோரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கிறோம். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத அத்தை ஒருவர், நான் முணுமுணுக்கும் அதே வரியில் தலையாட்டும்போது கிடைக்கும் சந்தோஷத்தை இயர்போன் எனக்குக் கொடுத்ததே இல்லை.

இதில் காசுப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எங்கள் வீடுகளில் அது பெரிய விஷயம். தினமும் போகவர மிச்சமாகும் காசு, மாதக் கடைசியில் செமஸ்டர் பீஸுக்கோ ஜெராக்ஸுக்கோ ஆகிறது. என் வகுப்பில் இரண்டு பேரை மேலே படிக்க அனுப்பியதே அந்த பஸ்ஸை நம்பித்தான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த பஸ்ஸில் பாட்டு இல்லை. பாட்டு இருக்கும் பிரைவேட் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் எங்கள் மாதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் வாரம் கையில் கொஞ்சம் காசு இருக்கும், காலையிலும் மாலையிலும் பாட்டு பஸ். இரண்டாவது வாரம் காலையில் மட்டும். அதற்குப் பிறகு டிக்கெட் இல்லாத அந்த பிங்க் பஸ்தான். அரசாங்கம் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் இருக்கும் தோழிகள், பணம் ஏறிய அன்றைக்கு எங்களையும் சேர்த்து டிக்கெட் எடுத்துப் பாட்டு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பணத்தில் அவர்கள் வாங்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் இந்த டிக்கெட்டுக்கும் நான் வித்தியாசம் பார்க்க மாட்டேன். இரண்டுமே படிக்க வருவதற்கான செலவுதான்.

கல்லூரிக்குப் போகிற வழியில் பாதி வாழ்க்கை நடப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. மயிலாடுதுறைக்காரரான டி. ராஜேந்தர் கதையும் பாட்டும் எழுதிய ‘ஒரு தலை ராகம்’ 1980இல் வந்தது. பெரும்பாலும் புதுமுகங்கள். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் எடுத்தார்கள். அந்தப் படத்தில் வகுப்பறைக்கு இருக்கும் அளவு இடம் ரயிலுக்கும் இருக்கிறது. மாணவர்கள் ரயிலில் வருகிறார்கள், ரயிலில் பாடுகிறார்கள், ரயிலில் பார்க்கிறார்கள், பேச முடியாமல் இறங்கிப் போகிறார்கள். அது தரங்கம்பாடி லைன். 1980களிலேயே அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். அப்பா வயதுக்காரர்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கதையை விட அந்த ரயிலைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ரயில் போன பிறகு அந்தப் பிள்ளைகளெல்லாம் பஸ்ஸுக்கு வந்தார்கள். பாட்டும் அவர்களோடு பஸ்ஸுக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்தில் காதல் கடைசி வரை வாய்விட்டுப் பேசப்படாமலே போகிறது. பிறகு வந்த நம் கல்லூரிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. அப்படிப் பேசாமல் நின்ற காதல் போய், பின்னாலேயே வருகிறவன் கதாநாயகன் ஆகிவிட்டான். பஸ் ஸ்டாப்பில் நிற்பான், வழியை மறிப்பான், அவள் முகம் சுளித்தால் நண்பர்களோடு சேர்ந்து பாடுவான். கடைசியில் அவள் சிரித்துவிடுவாள். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, கேலி செய்த ஆண்களால் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அதே வருஷங்களில் திரையில் வந்த அதே கேலிக்குத் தியேட்டரில் விசில் பறந்திருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்ததும் பஸ்தான். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை, பலருக்கும் பிடித்த பாட்டு அது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பஸ்ஸில் கேட்டு, வரி வரியாக மனப்பாடம். அதைக் கேட்டால் எனக்கு வயல் ஞாபகம் வரும், மழை விட்ட பிறகு ஜன்னல் கம்பியில் ஓடும் தண்ணீர் ஞாபகம் வரும். கல்லூரி சேர்ந்து, கையில் போன் வந்த பிறகு அந்தப் பாட்டின் காட்சியைப் பார்த்தேன். அவன் அவள் புத்தகத்தைப் பிடுங்குகிறான். அவள் சைக்கிளை மறிக்கிறான். அவள் அழுகிற முகத்துக்கு நேராகப் புல்லாங்குழல் ஒலிக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அந்த இசையில் அப்படி எதுவுமே இல்லை. அத்தனை வருஷம் நான் கேட்ட பாட்டில் யாரும் யாரையும் மறிக்கவில்லை.

பஸ்ஸில் படம் இல்லை, பாட்டு மட்டும்தான். டிவி வைத்த பஸ்களும் உண்டு, அவற்றைச் சேர்க்கவில்லை. படம் இல்லாததால் அந்தப் பாட்டுக்குள் நாங்கள் வேண்டியதை வைத்துக்கொண்டோம். பெண் பிள்ளைகள் எல்லோரும் ஆண் குரலில் பாடுகிறோம். அவன் அவளைப் பார்த்துப் பாடும் வரியை என் தோழி என்னைப் பார்த்துப் பாடுவாள், நான் அவளுக்குப் பதில் பாடுவேன். எங்கள் நட்பே அந்தக் காதல் பாட்டுகளில்தான் வளர்ந்தது. ஒருத்தி வீட்டில் படிப்பை நிறுத்தப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேறெதுவும் பேசத் தெரியாமல் பஸ்ஸில் வந்த பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டே போயிருக்கிறோம். அவள் இப்போது என்னோடு மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள்.

பாட்டு அதன் படத்தை விட்டு வெளியே வர முடியும் என்பதற்கு இப்போது பெரிய உதாரணங்களே இருக்கின்றன. ‘குணா’ 1991இல் வந்த படம். மனநிலை பிறழ்ந்த ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போய் வைத்திருக்கும் கதை. அதன் குகைப் பாட்டு அந்தக் கதைக்குள்தான் இருந்தது. 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் அதே பாட்டை எடுத்து, பள்ளத்தில் விழுந்த நண்பனை மேலே கொண்டுவருகிறவர்களின் பாட்டாக மாற்றியது. எங்கள் கல்லூரியில் அந்த மார்ச் மாதம் முழுக்க அதுதான். காதலர்கள் பாடவில்லை, கூட்டமாக நண்பர்கள்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடினார்கள். அதே வருஷம் ‘லப்பர் பந்து’ வந்தது. அதில் 1989ஆம் வருஷத்து ‘பொன்மனச் செல்வன்’ படத்தின் விஜயகாந்த் பாட்டு, கிரிக்கெட் மைதானத்தில் இறங்கும் ஒருவருக்கான பாட்டாகிவிட்டது. விஜயகாந்த் இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. எங்கள் வகுப்புப் பையன்கள் பலர் அவர் படம் ஒன்றைக்கூடத் தியேட்டரில் பார்த்ததில்லை. இன்டர்-டிபார்ட்மென்ட் கிரிக்கெட்டில் ஒவ்வொருவன் பேட் பிடிக்கப் போகும்போதும் அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். பஸ்ஸில் வருகிற எங்களுக்கு மட்டும் அது புதுப் பாட்டாக இல்லை. நாங்கள் அதன் சரணத்தையும் பாடினோம். விடுதிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த இரண்டு படங்களை எடுத்தவர்கள் செய்ததைத்தான் எங்கள் பஸ் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டின் மேல் ஏற்கெனவே இருந்த காட்சியை எடுத்துவிட்டு, எங்கள் காட்சியை வைத்துக்கொள்வது.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் கல்லூரி விழா. விழா என்றால் பொங்கலுக்கு வேட்டி சேலை, பிறகு துறை விழா, பிறகு ஆண்டு விழா, கடைசியில் ஃபேர்வெல். ஃபேர்வெல்லில் ‘காதல் தேசம்’ படத்து நட்புப் பாட்டு இல்லாமல் இருக்காது. 1996இல் வந்த பாட்டு, எங்கள் அண்ணன்கள், சித்தப்பாக்கள் எல்லோரும் அதற்குத்தான் அழுதிருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. துறை விழாவில்தான் சிக்கல். போன வருஷம் பாடுகிறவர்கள் முன்னால் நின்று பாட, பின்னால் ப்ரொஜெக்டரில் அந்தந்தப் படத்தின் காட்சியை ஓட்டினார்கள். ஒரு பெண் அருமையாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திரையில் கதாநாயகன் ஒருத்தியின் தாவணியை இழுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் திரையைப் பார்த்துக் கத்தியது. அவள் குரல் கேட்கவே இல்லை.

அந்தப் பெண் மணல்மேட்டுத் தோழிதான். பஸ்ஸில் பாடும்போது கண்டக்டர் விசிலை ஊதாமல் கதவைத் தட்டி வண்டியை நிறுத்துவார், அவள் பாட்டு தடைபடக் கூடாது என்று. அப்படிப்பட்ட குரல். இந்த வருஷம் மேடைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து துறைத் தலைவர் மேடத்திடம் போனோம். பாட்டுப் போட்டிக்குப் பின்னால் திரை வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று கேட்டோம். மேடம் யோசித்தார். “திரை இல்லாட்டி கூட்டம் உட்காராதும்மா” என்றார். “பஸ்ஸுல உட்காருதே மேடம்” என்றோம். சிரித்துவிட்டு, பையன்களையும் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

பையன்களில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். திரை இல்லையென்றால் விழா களையிழந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அவர்களில் இரண்டு பேர் மட்டும் தனியாக வந்து, போன வருஷம் தங்களுக்கும் சங்கடமாக இருந்தது என்று சொன்னார்கள். இரண்டு பேரும் சிதம்பரம் ரோட்டில் பிரைவேட் பஸ்ஸில் வருபவர்கள். திரை வேண்டும் என்பவர்கள், வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை மதியம் ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்து பேசுவதாக முடிவாகியிருக்கிறது. திரையை எடுத்துவிட்டால் முதல் பாட்டைத் தானே பாடுவதாக மணல்மேட்டுத் தோழி நேற்று பஸ்ஸில் சொன்னாள். எந்தப் பாட்டு என்று இன்னும் சொல்லவில்லை. கடைசி நடைக்கு உரியது என்று டிரைவர் சொன்ன அந்தப் பாட்டாக இருக்கும் என்பது என் கணிப்பு.

(தொடரும்)