உயிர் பிழைத்த பிறகு

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஹைதராபாத் பகுதியான மாரெட்பள்ளியில், முன்பெல்லாம் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலமாக அடிபட்டால், கிடைத்த ஆட்டோவில் ஏற்றுவார்கள். பலர் வழியிலேயே போய்விடுவார்கள். 2005 ஆகஸ்டில் 108 ஆம்புலன்ஸ் இந்த நகரத்திலிருந்துதான் தொடங்கியது. இன்று வண்டி வருகிறது, ஸ்கேன் எடுக்கிறார்கள், மூளையில் உறைந்த ரத்தத்தை அகற்றுகிறார்கள். ஆள் பிழைத்துவிடுகிறார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருபவர் எப்படி வருகிறார்? கழுத்தில் துளை, மூக்கில் குழாய், மடங்கி இறுகும் கைகால். பேச்சு இல்லை. நினைவு திரும்பினாலும் சுபாவம் மாறியிருக்கும். சாதுவாக இருந்தவர் அடிக்கக் கை ஓங்குவார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். சிகிச்சை இவ்வளவு முன்னேறியும் இந்த இடம் மட்டும் மாறாமல் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழி தெரியாத நாடல்ல இது. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரின் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். நாட்டிலேயே முதலாவது அது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு மூளை அடிபட்டவர்களும் அங்கே தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். விழுங்குவது, உட்காருவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் மறுபடி முதலிலிருந்து. உறவினர் ஒருவரும் கூடவே இருந்து பராமரிக்கக் கற்றுக்கொள்கிறார். வீட்டுக்குப் போன பின் நோயாளியைக் காப்பாற்றுவது அந்தப் பயிற்சிதான்.

ஹைதராபாத்திலும் இன்று தனியார் மறுவாழ்வு மையங்கள் உண்டு. மாதக்கணக்கில் தங்க வேண்டிய சிகிச்சைக்கு நாள் வாடகை கட்ட எத்தனை குடும்பங்களால் முடியும்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. விபத்தால் வரும் மூளைக்காயம் அதில் தனியாக இடம்பெறவில்லை. பெரிய அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மூளைக்காய மறுவாழ்வுக்கென ஒரு வார்டு வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலைக்காயம் ஆகியிருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் மறுவாழ்வு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். முதல் சில மாதங்கள்தான் அதிகம் மீளக்கூடிய காலம்.