கிணற்று நீர்க் கணக்கைக் காக்கும் சிறு கணினி

வல்வெட்டித்துறையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டப் பயிர்களுக்குக் கிணற்று நீரே ஆதாரமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. ஆகவே, மிதமிஞ்சிய இறைப்பினால் மேல்மட்டம் சிறிது தாழினும், காலப்போக்கில் கீழிருந்து உவர் பன்மடங்கு மேலெழும். வடக்கே கடலையும் மேற்கே தொண்டைமானாற்றையும் எல்லையாகக் கொண்ட இவ்விடத்தில் இது சிறிய விடயமன்று. தொண்டைமானாற்றின் வாயிலில் அணை கட்டிக் கடல்நீரைத் தடுத்ததும் இக்காரணம் பற்றியே.

நாவுக்குத் தெளிவாகப் புலப்படாத உவரும் பயிரைப் பாதிக்கும். நீரிலுள்ள உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளப்பர். மீற்றருக்கு 0.8 டெசிசீமென்சுக்கு மேற்பட்ட நீரை இறைத்தால் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய்க்கு இவ்வெல்லை ஏறத்தாழ 1.0, நெல்லுக்கு 2.0. நீர்மட்டத்தையும் உவரையும் தொடர்ந்து குறித்து வரும் கமக்காரர், எப்போது இறைப்பைக் குறைத்துக் கிணற்றை ஊறவிடல் வேண்டும் என்பதைக் காலத்தோடு அறிவர்.

கணக்கு அழியும் காரணம்

இவ்வேலைக்கு ஒற்றைப் பலகைக் கணினி ஏற்றது. இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெறி பை இவ்வகையிற் பெயர் பெற்றது. உள்ளங்கையில் அடங்கும் இப்பலகை, தக்க இடைக்கருவி வழியாக உணர்கருவிகளின் அளவைகளைப் பெற்று இரவும் பகலும் பதிந்து வைக்கும். ஆயின், வழக்கமாக இது மெமரி காட் எனப்படும் நினைவட்டையிலிருந்தே இயங்குகின்றது. அவ்வட்டையின் நினைவறைகளை அழித்து எழுதக்கூடிய தடவைகளுக்கு ஓர் எல்லையுண்டு. இடைவிடாது எழுதினால் அவை தேய்ந்துபோகும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அட்டையிலுள்ளவை சிதைவதும் உண்டு. மின்தடை மிகும் மாரியில் அட்டை பழுதானால், நன்னீர் ஏறிய கணக்கு முழுவதும் அதனோடு அழியும். அதனை மீண்டும் பெறுதற்கு அடுத்த மாரி வரை காத்திருத்தல் வேண்டும்.

இதற்குப் பரிகாரம், கணினியை யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் எஸ்.எஸ்.டி. வட்டிலிருந்து இயக்குவதாகும். இவ்வட்டு எழுதும் வேலையைத் தன் நினைவறைகள் எல்லாவற்றுக்கும் பகிர்ந்தளிப்பதால் நெடுங்காலம் உழைக்கும். மலிவான பென் டிரைவ் நினைவட்டையை ஒத்த பலவீனமுடையதாகலின், அதனை மாற்றிட்டுப் பெரும் பயன் இல்லை.

மாற்றும் முறை

முதலாவதாக, பலகையில் அச்சிடப்பட்டுள்ள மாதிரியின் பெயரைப் பார்த்தல் வேண்டும். ராஸ்பெறி பை 3 பி பிளஸ் மாதிரி யூ.எஸ்.பி. வட்டிலிருந்து தொடங்கும் ஆற்றலுடனேயே வருகின்றது. அதற்கு முந்திய 3 பி மாதிரியில், அட்டையிலுள்ள கொன்பிக் என்னும் கோப்பில் "புறோகிராம் யூ.எஸ்.பி. பூட் மோட்" என்னும் வரியை 1 என்ற மதிப்புடன் சேர்த்து, அவ்வட்டையைக் கொண்டு ஒருமுறை இயக்கிய பின் அவ்வரியை நீக்கிவிடலாம். இது பலகையில் நிலையாகப் பதியும். பின்னர் மாற்ற இயலாது. 4 ஆம் மாதிரியின் தொடக்க நிரல் பலகையிலேயே உள்ளது. 2019 இல் வாங்கிய பலகையாயின், இணையத்துடன் இணைத்து மென்பொருள்களைப் புதுப்பித்து, மீளத் தொடக்குதல் அவசியம்.

இரண்டாவதாக, வட்டைக் கணினியில் இணைத்து, துணைக்கருவிகள் பட்டியலிலுள்ள எஸ்.டி. காட் கொப்பியரைத் திறந்து, அட்டையிலிருந்து வட்டுக்குப் பிரதி செய்தல் வேண்டும். வட்டில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடுமாதலால், வெறும் வட்டையே எடுத்தல் நன்று. இதனால் பழைய பதிவுகளும் புதிய இடத்துக்கு வந்துசேரும்.

மூன்றாவதாக, கணினியை முறைப்படி நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, அட்டையை வெளியே எடுத்தபின் மீண்டும் இயக்குதல் வேண்டும். 4 ஆம் மாதிரி முதலில் அட்டையைத் தேடி, அது இல்லாதபோது வட்டிலிருந்து தொடங்குவதே வழமை. அட்டையை எடுக்க மறந்தால் பழைய அட்டையே தொடர்ந்து இயங்கும்; புதிய பதிவுகளும் அதிலேயே சேரும். தொடங்கியபின் அன்றைய அளவை பதிவாகின்றதா என்று பார்த்து உறுதி செய்தல் அவசியம்.

கவனிக்க வேண்டியவை

வட்டு தொடங்காவிடின், மின்சாரக் குறைவைச் சந்தேகித்தல் வேண்டும். 4 ஆம் மாதிரிக்கு 5.1 வோல்ற்று, 3 அம்பியர் தரும் வழங்கி தேவை. அதன் யூ.எஸ்.பி. வாயில்கள் எல்லாம் சேர்ந்து 1.2 அம்பியரே கொடுக்கும். இதற்கு மேல் வேண்டும் வட்டுக்குத் தனி மின்வழங்கியுடைய இணைப்பு வைத்தல் வேண்டும்.

4 ஆம் மாதிரியிலும் அதற்கு முந்தியவற்றிலும் மின்சாரம் நின்றபோதும் ஓடும் மணிக்கூடு இல்லை. இணையமில்லாத தோட்டத்தில் மின்சாரம் நின்று வந்தபின் நேரம் பிழையாகப் பதியும். மின்கலத்துடன் கூடிய மணிக்கூட்டுப் பலகையொன்றை இணைத்தால் இக்குறை நீங்கும். எஸ்.எஸ்.டி. வட்டும் திடீர் மின்தடையால் சேதமடையக் கூடுமாதலால், கணினிக்குத் துணை மின்கலம் வைத்தல் சிறந்தது.

கிணறு நொடிக்கு நொடி மாறுவதில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். வட்டின் ஆயுளும் நீடிக்கும். எடுத்த பழைய அட்டையைத் திகதி எழுதி உலர்ந்த பேணியில் வைத்தால், அவசர வேளையில் உதவும். வாரம் ஒருமுறை பதிவுகளை வேறொரு வட்டிலும் பிரதி செய்து, நீர்மட்டத்தையும் உவரளவையும் கொப்பியொன்றில் கையாலும் எழுதிவைத்தல் வேண்டும்.

இவ்வேலையை ஆவணி, புரட்டாதியிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். முதல் மழைக்கு முன்னுள்ள நீர்மட்டமும், மழைக்குப் பின் ஏறிய மட்டமும் ஒரே கணக்கில் இருந்தாலன்றி, வரும் கோடையில் எவ்வளவு நிலத்தில் வெங்காயம் நடலாம் என்பதைக் கமக்காரர் தீர்மானிக்க இயலாது.