மீன்குளமும் கரையோரக் கடையும்

சொந்த நிலத்தின் ஒரு மூலையில் குளம் வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்த்து, சாலையோரத்தில் கொட்டகை போட்டு, மீனோடு கோழிமுட்டையும் தோட்டத்துக் காய்கறியும் விற்று ஜீவனம் நடத்தும் விவசாயக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல இருக்கின்றன. உழைப்புக்கு அஞ்சாத இவர்கள் ஒரே இரவில் பெருநஷ்டம் அடைவதும், நஷ்டஈடு கேட்க வேண்டிய இடத்தில் அத்தாட்சி இன்றி நிற்பதும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

குளத்துக்கு மிக அபாயமான வேளை விடியற்காலை. பகலில் வெயிலின் உதவியால் பிராணவாயுவை உண்டாக்கும் பாசி, இரவில் மீனைப் போலவே அதை உட்கொள்கிறது; அடியில் அழுகும் சாணமும் மிச்சத் தீவனமும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்ள, சூரியோதயத்துக்குச் சற்று முன்னே நீரில் பிராணவாயு மிகக் குறைந்துவிடுகிறது. அந்நேரத்தில் டார்ச் விளக்கோடு கரையில் நின்று பார்ப்பவருக்கு, மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், காலடிச் சத்தம் கேட்டும் ஆழத்துக்கு ஓடாமல் அங்கேயே தள்ளாடுவதும் தெரியுமானால், தாமதம் கூடாது: மோட்டாரைப் போட்டுப் புதுநீரை உயரத்திலிருந்து விழச் செய்ய வேண்டும், அன்றைக்குத் தீவனமும் சாணமும் அறவே நிறுத்த வேண்டும். மேகமூட்டம் தொடரும் நாட்களில் இன்னும் ஜாக்கிரதை தேவை. கையை நீட்டி நீருக்குள் மெல்ல இறக்கும்போது, முழங்கை நனையும் முன்பே உள்ளங்கை கண்ணுக்கு மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது என்று அறியலாம். செலவில்லாத இந்தச் சோதனையை ஏனோ பலர் செய்வதில்லை.

பிராணவாயுக் குறைவால் அன்றி, பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்தோ ஆலைக் கழிவோ கலந்து மீன் செத்ததாகச் சந்தேகம் எழுந்தால், செத்த மீனை அவசரமாகப் புதைத்துவிடுவது தன் வழக்கைத் தானே புதைப்பதாகும். சுத்தமான பாட்டிலில் நீரும், ஐஸில் வைத்த சில மீன்களும் உடனே எடுத்து, புகைப்படத்தோடு கிராம நிர்வாக அலுவலருக்கும் மீன்வளத் துறைக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ஆலைக் கழிவாயின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புகார் அனுப்பலாம்.

தண்ணீர் கசியாமலிருக்கப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாசி படிந்த அந்தச் சரிவில் கால் வைத்த குழந்தை வழுக்கி விழுந்தால், நீச்சல் தெரிந்திருந்தாலும் பிடிக்க ஒன்றுமின்றி மேலேற முடியாது. மீன் வாங்க வருவோர் பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள். வேலியும், நான்கு பக்கமும் முடிச்சிட்டு நீருக்குள் தொங்கவிட்ட தடித்த கயிறும் அத்தியாவசியம். அலட்சியத்தால் உயிர்ச்சேதம் விளைந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு; தண்டனைக்கு அஞ்சியேனும் செய்யட்டும் என்றுதான் நான் வேண்டுகிறேன்.

குஞ்சு வாங்கும்போது இனத்தையும் எண்ணிக்கையையும் குறித்த ரசீது கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சுயதொழிலாக ஜீவனோபாயத்துக்கென்றே பொருள் வாங்குபவரையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆகவே சொன்ன இனம் ஒன்று, கொடுத்த இனம் வேறு என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. லாபம் அதிகம் என்று யார் ஆசை காட்டினாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் குளத்தில் சேர்க்காதீர்கள்: அது நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்யப்பட்ட இனம், மழைவெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் புகுந்தால் நாட்டு மீன்களைத் தின்று பெருகும்.

கடையைப் பொறுத்தவரை, தன் குளத்து மீனைக் கரையிலேயே விற்கும் விவசாயியை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆனால் மீனை வறுத்துக் கொடுக்கவோ பிறர் சரக்கை வாங்கி வைக்கவோ தொடங்கினால், அதற்குரிய பதிவுச் சான்று அவசியம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். பிடித்த மீனுக்குச் சம எடை ஐஸ் போதும்; பார்மலின் தெளிப்பது குற்றம், அதைவிட உண்பவன் உடலுக்குச் செய்யும் துரோகம்.

வாங்குவோரும் விழிப்பாக இருக்கலாம். புதுமீனின் கண் துருத்திப் பளபளக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அழுத்திய குழி உடனே மீளும். எடை குறைந்ததாகவோ மீன் கெட்டதாகவோ தெரிந்தால் கடைக்காரரிடம் நேரில் கேளுங்கள். அவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.