நரம்பறிவியற் கல்வி: வகுப்பறையும் அதன் புறமும்

நமது கல்லூரியிற் பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணாக்கரை நோக்கி, "யாது கற்கப் போகின்றீர்?" என வினாவினால், வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டனுள் ஒன்றே பெரும்பாலும் விடையாக வரும். சென்ற ஆண்டு விடுமுறையில் என்னைக் காண வந்த பழைய மாணவர் ஒருவரின் விடை வேறாயிருந்தது. இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் நரம்பறிவியல் கற்கின்றார். தமிழாசிரியனாகிய எனக்கு அத்துறை புதிது. அன்று மாலை அவர் ஆசிரியரானார், யான் மாணவனானேன். அவர் வாயிலாக அறிந்தவற்றையும் பின்னர் நூல்களிற் கண்டவற்றையும் இம்மலரில் எழுதுதல் தகும் எனக் கருதுகின்றேன்.

நரம்பறிவியல் என்பது மூளை, முண்ணாண், நரம்புகள் ஆகியவற்றின் அமைப்பையும் தொழிலையும் ஆராயுந் துறையாகும். வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோகிராம் நிறையுடையது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. இக்கலங்கள் மின்னாலும் இரசாயனப் பொருள்களாலும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. நாம் ஒரு செய்யுளை மனனஞ் செய்வதும், தாயின் முகத்தை அடையாளங் காண்பதும், இருளில் அஞ்சுவதும் இப்பரிமாற்றத்தாலேயே நிகழ்கின்றன. ஆதலின் இத்துறை ஒரு பாடத்துள் அடங்குவதன்று. உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம், உளவியல் ஆகிய யாவும் இதன்கண் வந்து கூடுகின்றன. நெடுங்காலம் இவ்வாராய்ச்சி வெவ்வேறு பிரிவுகளிற் சிதறிக் கிடந்தது. 1969இல் அமெரிக்காவில் நரம்பறிவியற் சங்கம் தோன்றியது. 1973இல் அந்நாட்டு அமெர்ஸ்ட் கல்லூரி இளமாணி மாணாக்கருக்கென நரம்பறிவியற் பாடநெறியொன்றை வகுத்தது.

இத்துறையின் வரலாற்றை நோக்குமிடத்து, வகுப்பறையில் மாத்திரம் இருந்து இதனைக் கற்றவர் இலர் என்பது புலனாகும். கேம்பிரிட்ஜிலே அலன் ஹொட்ஜ்கின் என்பார் இளமாணி மாணாக்கராயிருந்தபோதே தவளையின் நரம்பைக் கொண்டு சோதனைகள் செய்யத் தொடங்கினார். நரம்பினூடு செய்தி மின்னாற் செல்கின்றது என்பது முன்னரே அறியப்பட்டது; எங்ஙனம் செல்கின்றது என்பதே வினா. நமது நரம்பிழை மயிரினும் மிக மெல்லியதாதலின், அதனுள்ளே கருவி செலுத்துதல் அக்காலத்தில் அரிது. கணவாயிலோ, அது நீரைப் பீச்சி விரைந்தோட உதவும் ஒரு நரம்பிழை அரை மில்லிமீற்றரளவு தடிப்புடையது. 1939ஆம் ஆண்டு கோடையில் ஹொட்ஜ்கின் பிளிமத் கடலாய்வு நிலையத்துக்குச் சென்றார். அன்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் 21 வயது இளைஞரும் அங்கு அவருடன் சேர்ந்தார். கணவாயின் நரம்பிழையினுள் மெல்லிய மின்வாயைச் செலுத்தி, செய்தி செல்லும்போது உள்ளே தோன்றும் மின்னழுத்த மாற்றத்தை இருவரும் அளந்தனர். சில வாரங்களில் உலகப் போர் மூண்டது, ஆய்வு நின்றது. போரின் பின் மீண்டும் முயன்று, 1952இல் தம் விளக்கத்தை வெளியிட்டனர். சோடியம் அயன்கள் நரம்பிழையினுள் விரைந்து புகுதலும், அடுத்துப் பொற்றாசியம் அயன்கள் வெளியேறுதலுமே அச்செய்தியை முன்செலுத்துகின்றன என்பது அவ்விளக்கம். 1963இல் நோபெற் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. நமது மீன்சந்தையிற் காணுங் கணவாயின் இனமே மனித நரம்புக்கும் விளக்கந் தந்தது.

இக்காலத்து மாணாக்கரும் பல வழிகளில் வகுப்பறைக்கு அப்பாற் செல்கின்றனர். சிலர் விடுமுறையிற் பேராசிரியரின் ஆய்வுகூடத்திற் பணிபுரிகின்றனர். சிலர் மறதிநோயுற்ற முதியோருக்குத் துணையிருக்கின்றனர். வேறு சிலர் பாடசாலைகளை நாடிச் சென்று, கற்றதை எளிய மொழியில் விளக்குகின்றனர். இதன்பொருட்டு 1996இல் தொடங்கிய மூளை விழிப்புணர்வு வாரம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்திற் பல நாடுகளில் நடைபெறுகின்றது.

என் பழைய மாணவர் இம்மூன்றாவது வழியிற் சென்றவர். தோழருடன் ஒரு பாடசாலைக்குச் சென்று வலிப்பு நோய் பற்றிப் பேசியதை விவரித்தார். "வலிப்பென்றால் விழுந்து துடிப்பதென்றே நானும் எண்ணியிருந்தேன், சேர். அப்படியல்லாத வகையும் உண்டு" என்றார். அவ்வகையிற் பிள்ளை வீழ்வதில்லை. வாசித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கையில் திடீரென நின்று, சில விநாடிகள் வெறித்து நோக்கும். பின்னர் யாதும் நிகழாதது போலத் தொடரும். இடையில் நிகழ்ந்ததை அது அறியாது. ஒரே நாளிற் பன்முறை இவ்வாறு நேரலாம். பராக்குப் பார்க்கும் பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ திரும்பும். இப்பிள்ளை அவ்விநாடிகளில் திரும்பாது. மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவியால் வைத்தியர் இதனைக் கண்டறிவர். மருந்தினாற் பெரும்பாலும் அடக்கலாம்; பலருக்கு வயதேற நீங்கிவிடும்.

இதனைக் கேட்டபோது என் நா எழவில்லை. ஆசிரிய கலாசாலையினின்று வெளியேறிய புதிதில், வேறொரு பாடசாலையில், ஆறாந் தரத்திலே எனக்கு ஒரு மாணவன் இருந்தான். வாசிக்கும்போது நடுவில் நின்றுவிடுவான். "எங்கேயடா போனாய்?" என்று கேட்டு, அவனைப் பலமுறை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். "நான் ஒன்றும் செய்யேல்லை, சேர்" என்பான். அதனைப் பொய்யெனக் கொண்டேன். அவனுக்கு இந்நோய்தான் இருந்ததென இன்று துணிந்து கூற இயலாது. ஆயினும், ஒருமுறையேனும் அவன் தோளைத் தொட்டு நோக்கினேனல்லேன்; வைத்தியரிடங் காட்டுமாறு பெற்றோருக்குக் கூறினேனுமல்லேன். ஆசிரியனொருவனுக்கு இவ்வறிவைக் கொணர்ந்தது நூலன்று. வகுப்பறையை விட்டு வெளியே சென்ற ஒரு மாணவனே.

ஆதலின் உயர்தரத்தில் விஞ்ஞானங் கற்கும் மாணாக்கர் இத்துறையையும் எண்ணிப் பார்ப்பாராக. பல்கலைக்கழகம் புகுந்தபின் பரீட்சைப் பெறுபேற்றோடு அமையாது, ஆய்வுகூடத்தையும் நோயாளரையும் ஊரவரையும் நாடுவாராக. விழுந்து துடிப்பவரின் கையில் இரும்பைக் கொடுத்தலாற் பயனில்லை என்பதையும், வாயில் எதனையுந் திணிக்கலாகாது, பக்கமாகச் சரித்துக் கிடத்த வேண்டும் என்பதையும் ஊரிலே எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உள்நாட்டிலும் பிறநாட்டிலும் இத்துறைகளைக் கற்றோர், விடுமுறையில் ஊர் வரும்போது கல்லூரிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசுவீர்களாக. மாணாக்கருக்குப் பேசியபின் எங்கள் ஆசிரியர் அறைக்கும் வருக. நாங்களுங் கேட்டறிய வேண்டியவை பல உள.