இறுகுதல் வேறு, உலர்தல் வேறு

புதுமனை எழுப்புவோர் சுவருக்கும் கூரைக்கும் காட்டும் கவனத்தை நிலத்துக்குக் காட்டுதல் அரிது. கூரை ஒழுகினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். நிலத்தின் குறையோ, குடிபுகுதல் நிறைவெய்தி, வந்த உறவினரெல்லாம் திரும்பிச் சென்ற பின்னரே தலைகாட்டும். கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர் இன்று ஊரில் வீடு கட்டுகின்றனர். அவர்தம் விடுமுறை சில கிழமைகளே. குடிபுகும் நாளோ சோதிடர் குறித்தது. இவ்விரண்டுக்குமிடையே நிலத்துக்கு எத்தனை நாள் கொடுத்தோம் என எண்ணுவார் இலர். பல்லாண்டு உழைப்பிற் பதித்த நிலம் கிளம்பி நிற்குங்கால் மேசனையே நொந்துகொள்வர். பெரும்பாலும் குறை மேசனுடையதன்று, நாட்காட்டியினுடையது.

தமிழாசிரியர்க்குச் சீமெந்தில் என்ன வேலை என வினவுதல் கூடும். சொற்குழப்பமே இவ்விடரின் வேர் என்பதால் நமக்கும் இதிற் சிறிது வேலையுண்டு. ‘சீமெந்து காய்ந்துவிட்டது’ என்கிறோம். இருவேறு நிகழ்ச்சிகளை அவ்வொரு சொல்லுள் அடக்கிவிடுகிறோம். ஒன்று இறுகுதல், மற்றையது உலர்தல். சீமெந்து இறுகுவது நீரை இழப்பதாலன்று, நீரோடு இரசாயன முறையிற் கூடுவதால். ஆதலினாலேதான் புதிதாய் இட்ட நிலத்தை ஏழு நாளேனும் நனைத்து வைக்கிறோம். அவ்வாறு நனையாவிடின் அது வலுவிழந்து தூளாகும். உலர்தலோ அதன்பின் தொடங்குவது. கூடாது எஞ்சிய நீர் ஆவியாகி வெளியேறும் நெடும்பயணம் அது. எட்டாம் நாள் நிலம் கல்லாய் இறுகியிருக்கும். ஆயினும் உலர்தல் அன்றுதான் பிள்ளையார் சுழி போட்டிருக்கும்.

கணக்கொன்று காண்போம். 50 கிலோகிராம் கொண்ட ஒரு மூடைச் சீமெந்து தன் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு நீரையே தன்னோடு பிணைக்கவல்லது. அஃதாவது 12 கிலோகிராம் அளவு. ஆயின் குழைத்துப் பரப்புதற்கு இசைவாகச் சேர்க்கப்படுவதோ 25 லீற்றர் வரையில் ஆகும். எஞ்சியதில் ஒரு பகுதி நுண்டுளைகளிற் கட்டுண்டு கிடக்கும். மறுபகுதி மேற்பரப்பின் வழியாக வெளியேறியே தீரவேண்டும்.

கொங்கிறீற்றின்மேல் நிலத்தைச் சமப்படுத்த இடும் சாந்துப் படைக்கு மேனாட்டார் ஒரு வாய்பாடு வைத்துள்ளனர். நல்ல காற்றோட்டமிருப்பின் 50 மில்லிமீற்றர் தடிப்பு வரையில், மில்லிமீற்றர் ஒன்றுக்கு நாள் ஒன்று. எனவே இரண்டங்குலப் படை உலர 50 நாள் செல்லும். நனைத்து வைத்த நாட்கள் இக்கணக்கிற் சேரா. தடிப்பு அதனினும் மிகுந்தால் நாட்கள் அதே விகிதத்தில் மிகுவதில்லை. அடியிலுள்ள நீர் நெடுவழி கடந்து வரவேண்டியிருத்தலின் இன்னும் விரைவாய்ப் பெருகும். நம் நாட்டில் இவ்வாய்பாடு போதாது என்பதே நம் எண்ணம். நிலம் தன்மேலுள்ள காற்றினும் மிகுதியாய் உலரமாட்டாது. மாரியில் நம் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதைத் தாண்டி நிற்கையில், அந்நாட்களை உலர்தற் கணக்கிற் சேர்ப்பது வீண்.

இனி, உலராத நிலத்தை மூடினால் நேர்வதென்ன? மேற்புறம் காய்ந்து வெளிறித் தோன்றினும் உள்ளே ஈரம் உண்டு. வினைல் விரிப்பு முதலிய காற்றுப் புகாப் பொருளை ஒட்டியவுடன் வெளியேறும் வாயில் அடைபடும். அடியிலுள்ள ஈரம் மேலேறி எங்கும் சமமாய்ப் பரவும். காய்ந்திருந்த மேற்புறம் மீண்டும் நனையும். அவ்வீரம் சீமெந்தின் காரத்தையும் கரைத்துக் கொணருமாதலின், பசை அக்காரத்தாற் சிதைந்து கூழாகும். நாமறிந்த இல்லமொன்றில் கார்த்திகையிற் சாந்திட்டு மார்கழியில் விரிப்பு ஒட்டினர். பங்குனி பிறக்குமுன் கூடமெங்கும் கொப்புளங்கள் எழுந்தன. பசையின் நாற்றம் அடுக்களை வரை வீசிற்று. மரப்பலகையாயின் ஈரத்தை உண்டு பருத்து ஓரங்கள் மேல்நோக்கி வளையும்.

நம்மவர் ‘மாபிள்’ எனப் பொதுப்பட வழங்கும் தரையோடு இவற்றினும் பொறுமையுடையது. ஈரம் அதனை அழுகச் செய்யாது. ஆனால் சாந்து உலருந்தோறும் சுருங்கும். சுட்ட ஓடோ சுருங்காது. இரண்டுக்குமிடையே இழுபறி ஏற்பட்டுப் பிடிப்பு விடுபட, தட்டிப் பார்த்தாற் பொள்ளல் ஒலி எழும். சிற்சில இடங்களில் ஓடுகள் கூடாரம்போல் நிமிர்ந்துவிடுதலும் உண்டு. சுவரோரத்தில் சிறிது இடைவெளி விட்டுப் பதித்தல் இதற்குத் துணைசெய்யும்.

நம் முன்னோர்க்கு இத்தொல்லை இல்லை. சாணம் மெழுகிய மண்ணிலமும், பின்வந்த சிவப்புச் சீமெந்து நிலமும் மூடப்படாதவை; ஈரம் வந்த வழியே போயிற்று. மூடும் வழக்கம் வந்தபின்னரே காத்திருக்கும் கடமையும் வந்தது.

நிலம் உலர்ந்ததா என அறிய எளிய வழியொன்றுண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளை நிலத்தில் விரித்து, நாற்புறமும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டிப் பதினாறு மணி நேரமேனும் விடுக. எடுக்கும்போது தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலும் நிலம் கறுத்திருந்தாலும் ஈரம் உண்டு. ஒன்றும் தோன்றாவிடின் உலர்ந்துவிட்டதென முடிவு கட்டலாகாது. ஆழத்திலுள்ள ஈரம் அந்நேரத்துள் மேலே வராதிருக்கலாம். விலைமிக்க விரிப்பிடுவோர் கருவியால் அளந்தறிவதே முறை. கருவிகளுள் ஒன்று நிலத்திலிருந்து பெயர்த்த சாந்துத் தூளைக் கல்சியங் காபைட்டோடு மூடிய கலத்திற் குலுக்குவது. மாம்பழம் பழுக்க வைக்கப் பலர் களவாய்ப் பயன்படுத்தும் அதே காபைட்டுத்தான். அது ஈரத்தோடு கூடி வாயுவை எழுப்ப, அதன் அமுக்கத்தைக் கொண்டு நீரின் அளவு காணப்படும். சீமெந்துச் சாந்தாயின் 2 வீதத்துக்கு மேற்படலாகாது என்பது மேனாடுகளில் வழங்கும் எல்லை.

நிற்க. எத்துணை நாள் காத்தாலும் உலராத நிலமும் உண்டு. மண்ணிலிருந்து நுண்டுளை வழியாக ஏறும் ஈரம் அது. நம் குடாநாட்டில் மாரிக்குப்பின் கிணறுகள் எவ்வளவு மேலேறி நிற்கின்றன என்பதை யாவரும் அறிவோம். தாழ்ந்த வளவுகளில் அந்நீர் நிலத்துக்கு வெகு அண்மையில் நிற்கும். இதற்குக் காலம் மருந்தன்று. கொங்கிறீற்று இடுமுன்னரே 250 மைக்கிரோனுக்குக் குறையாத பொலித்தீன் தாளை, பொருத்துகள் ஆறங்குலம் ஒன்றன்மேலொன்று படியுமாறு, கீழே விரித்துவிடல் வேண்டும். அக்காலத்தில் ஆகும் செலவு சிறிது. பின்னர் எப்பொக்சிப் பூச்சினால் மேலிருந்து தடுக்கலாமெனினும் அதன் செலவு பன்மடங்கு.

விரைந்து உலர்த்த எண்ணித் தீமூட்டுவோரும் உளர். மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்து சுருங்கி வெடிக்கும், ஓரங்கள் கிளம்பும். யன்னல்களைத் திறந்து வைத்து, மழைச்சாரல் புகாது காப்பதே போதும். தையில் மழை ஓய்ந்தபின் சாந்திட்டு, சோளகம் வீசும் ஆனி ஆடியில் விரிப்பிடுவோர்க்கு இயற்கையே துணை. ஆவணி விடுமுறையில் வந்து குடிபுக விரும்பும் அன்பர்கள், தைமாதத்திலேயே சாந்து வேலையை முடிக்குமாறு மேசனுக்கு எழுதிவிடுவார்களாக. அது இயலாதெனின் வெறுஞ் சீமெந்து நிலத்திலேயே பால் காய்ச்சலாம். விரிப்பை அடுத்த ஆண்டில் இட்டுக்கொள்ளலாம்.