குண்டூரில் கிடைத்ததா ஹீலியம்?

பொது அறிவுத் துணுக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒன்று இது: பூமியில் கண்டுபிடிக்கப்படும் முன்பே சூரியனில் கண்டுபிடிக்கப்பட்ட தனிமம் ஹீலியம், 1868 ஆகஸ்ட் 18 அன்று, முழு சூரிய கிரகணத்தின்போது, ஆந்திரத்தின் குண்டூரில் இருந்த பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சென் அதைக் கண்டுபிடித்தார். தேர்வுக் கையேடுகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிரகணம் நடந்தது உண்மை. தேதி சரி, ஊர் சரி, ஜான்சென் அங்கே இருந்ததும் சரி. ஆனால் அன்று அவர் ஹீலியத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு நாள், ஒரு ஊர், ஒரு மனிதர் என்று வரலாற்றைச் சுருக்கும்போது, உண்மையிலேயே வியக்கவேண்டிய பகுதிதான் முதலில் உதிர்ந்துவிடுகிறது என்பது என் வாதம். அதற்கு ஹீலியத்தைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். சோற்றுப் பானையிலிருந்து உப்பு போட்ட தண்ணீர் பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. உப்பிலுள்ள சோடியத்தின் வேலை அது. அந்த மஞ்சள் ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியே விரித்துப் பார்த்தால், அடுத்தடுத்து ஒட்டினாற்போல இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். சூரிய ஒளியை விரித்தால் அதே இடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரான்ஹோபர் 1814 வாக்கில் சூரிய நிறமாலையின் கறுப்புக் கோடுகளுக்கு எழுத்துகளால் பெயரிட்டபோது, இவற்றுக்குக் கிடைத்த எழுத்து 'டி'. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு என்பதை ஹைடல்பர்க்கில் கிர்ச்சாஃபும் புன்சனும் 1859-60இல் நிறுவினார்கள். கையோடு சீசியம், ரூபிடியம் என இரு புதிய தனிமங்களையும் கோடுகளைக் கொண்டே பிடித்துக் காட்டினார்கள். அதன்பின் வானியலாளர்களுக்கு ஒரே பரபரப்பு. தொடவே முடியாத சூரியனில் என்ன இருக்கிறது என்று இனி இங்கிருந்தபடியே சொல்லிவிடலாம் அல்லவா?

1868 கிரகணம் அந்தப் பரபரப்பின் நடுவே வந்தது. சூரியன் முழுதாக மறையும்போது அதன் விளிம்பில் செந்நிறத் தீக்கொழுந்துகள் எழுவது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். அவை எதனால் ஆனவை என்பதுதான் கேள்வி. நிழலின் பாதை இந்தியாவைக் குறுக்கே வெட்டிச் சென்றது. குண்டூரில் ஜான்செனோடு மேஜர் டென்னன்ட்டின் ஆங்கிலேயக் குழுவும் முகாமிட்டது. சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் இருந்தார். தீக்கொழுந்துகளின் ஒளி பிரகாசமான தனிக்கோடுகளாகப் பிரிந்ததைப் பலரும் கண்டார்கள். அப்படியானால் அவை சுடர்விடும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன். அந்தக் கோடுகளில் ஒன்று மஞ்சள். மஞ்சள் என்றதும் சோடியம் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். போக்சனின் குறிப்பு மட்டும் அது டி-யில், அல்லது டி-க்கு அருகில், என்று ஓர் எச்சரிக்கையோடு நிற்கிறது. கிரகணத்தின் சில நிமிடங்களுக்குள் அதற்குமேல் அளந்து சொல்ல யாருக்கு முடியும்?

ஜான்சென் அன்று கண்டது வேறொன்று. கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருந்ததைப் பார்த்தவர், கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கமுடியும் என்று ஊகித்தார். பகல் வானத்தின் வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால், முப்பட்டகம் அதை விரிக்க விரிக்க அது மங்கும். தீக்கொழுந்தின் ஒளியோ சில கோடுகளில் மட்டும் குவிந்திருப்பதால் எவ்வளவு விரித்தாலும் மங்காது. மறுநாள் காலையே குண்டூரில் அதைச் செய்து காட்டினார். சில நிமிடக் கிரகணத்துக்காகக் கடல் கடந்து போகவேண்டியிருந்த ஒரு துறைக்கு, வெயில் அடிக்கும் எந்த நாளும் ஆய்வு நாளாயிற்று. இங்கிலாந்தில், போர்த்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நார்மன் லாக்யர், ஜான்சென் செய்தது எதுவும் தெரியாமலே, அதே உத்தியால் அக்டோபர் 20 அன்று தீக்கொழுந்துகளின் கோடுகளைக் கண்டார். இருவரின் செய்திகளும் அக்டோபர் 26 அன்று பாரிஸில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. இருவர் முகமும் பொறித்து 1872இல் பதக்கம் ஒன்றும் வெளியிட்டார்கள். அந்தப் பதக்கம் தீக்கொழுந்துகளை ஆராயும் வழியைக் கண்டதற்காகத் தரப்பட்டது, ஹீலியத்துக்காக அல்ல. பிற்காலத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். துணுக்கின் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் கோட்டின் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இனி அவசரமில்லை, நாள்தோறும் பார்க்கலாம், நிதானமாக அளக்கலாம். சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் நிற்க, சூரியனின் மஞ்சள் கோடு 587.6இல் நிற்கிறது. வேறுபாடு இரண்டு நானோமீட்டர்கூட இல்லை. அந்த நூலிழை இடைவெளியைத்தான் லாக்யர் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டார். உடனே புதிய தனிமம் என்று அவர் முரசு கொட்டிவிடவில்லை. வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்டோடு சேர்ந்து, ஹைட்ரஜனே வேறு அழுத்தத்தில் இந்தக் கோட்டைத் தருமா என்று சோதித்துப் பார்த்தார். தரவில்லை. 1871இல் எடின்பரோவில் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, ஒரு தலைமையுரையில் ஹீலியம் என்ற பெயரை இருவரின் பெயரிலும் வெளியிட்டபோது, ஃபிராங்க்லாண்டுக்கு அதில் உடன்பாடில்லை. பூமியில் ஏதோ ஒரு வாயு, நமக்குப் பழக்கமில்லாத நிலையில் இருந்தால் இப்படி ஒளிரக்கூடும் என்பது அவர் ஐயம்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: லாக்யர் சொன்னதுதானே கடைசியில் பலித்தது? பிறகென்ன, 1868 என்றே வைத்துக்கொள்வோமே? நியாயமான கேள்விதான். ஆனால் அதே காலத்தில் அதே கருவி, அதே தர்க்கத்தைக் கொண்டு இன்னும் இரண்டு 'தனிமங்களை'ப் பெற்றெடுத்தது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவில் கண்ட பச்சைக் கோடுகள் பூமியின் எந்தப் பொருளோடும் பொருந்தாததால், அதற்குரிய தனிமத்துக்கு நெபுலியம் என்று பெயர் வந்தது. 1869 கிரகணத்தில் சூரியனின் ஒளிமகுடத்தில் தெரிந்த ஒரு பச்சைக் கோட்டுக்காக கரோனியம் பிறந்தது. இரண்டுமே இல்லாத பொருள்கள். நெபுலியம் என்பது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று 1927இல் ஐரா போவன் காட்டினார். கரோனியமோ நம் இரும்பே. பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் 13 எலெக்ட்ரான்களை இழந்து நின்ற இரும்பு. கிராட்ரியனும் எட்லெனும் இதைத் தெளிவாக்கியபோது இருபதாம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆக, பழக்கமில்லாத நிலையிலுள்ள பழைய பொருள் என்ற ஃபிராங்க்லாண்டின் ஐயம், ஹீலியத்தில் தவறிப்போனாலும் மற்ற இரண்டிலும் அச்சாகப் பொருந்தியது. 1870இல் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, மூன்றில் எது மெய், எது பொய் என்று பிரித்தறிய வழியே கிடையாது. அந்த நிலையில் உள்ள ஒன்றை ஊகம் என்று சொல்லலாம், கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்வது?

வழி பிறந்தது 1895இல், தேடாத இடத்தில். அமெரிக்க நிலவியல் துறையில் பணியாற்றிய ஹில்பிராண்ட், யுரேனியத் தாதுவை அமிலத்தில் கரைத்தபோது எதனோடும் வினைபுரியாத ஒரு வாயு வருவதைக் கண்டு, நைட்ரஜன் என்று முடிவுகட்டியிருந்தார். லண்டனில் வில்லியம் ராம்சே அப்போதுதான் ஆர்கானைக் கண்டறிந்தவர். அது தாதுக்களிலும் இருக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டார். கிளீவைட் என்ற யுரேனியத் தாதுவை அமிலத்தில் கொதிக்கவைத்து, வெளியேறிய வாயுவைச் சுத்தப்படுத்திக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார். பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. சோடியம் மாசு என்ற சந்தேகம்தான் முதலில் வரும். சோடியத்தின் கோட்டோடு வைத்துப் பார்த்தால் இது சற்றே விலகி நின்றது. வில்லியம் குரூக்ஸ் அளந்து, சூரியனின் கோடேதான் என்றார். அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. ஜெர்மனியின் ருங்கேவும் பாஷனும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, கிளீவைட் வாயுவின் மஞ்சள் கோடு உண்மையில் இரட்டைக் கோடு, சூரியனில் தெரிவதோ ஒற்றை, இரண்டும் ஒன்றென எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். ஹேலும் ஹக்கின்ஸும் மறுபடி சூரியனைப் பார்த்தார்கள். அங்கும் அது இரட்டைதான்! இத்தனை நாளாக யாரும் அவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை. ஒரு கேள்வி ஆய்வகத்திலிருந்து கிளம்பிச் சூரியனுக்குப் போய்ப் பதிலோடு திரும்பியது. 27 ஆண்டுக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்தத் துணுக்கிலும் இது இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

துணுக்கு என்பது சிறுவர்களை அறிவியலுக்கு இழுக்கும் தூண்டில், அதில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கலாமா என்பது அடுத்த ஆட்சேபம். தூண்டில் தேவைதான். ஆனால் 'கிரகணத்தில் பார்த்தார், கண்டுபிடித்தார்' என்று கற்கும் சிறுவன், கண்டுபிடிப்பு என்பது ஒரு கணப் பார்வை என்றுதான் புரிந்துகொள்வான். அவன் நெபுலியத்தையும் அதே உற்சாகத்தோடு நம்புவான். அளவில் ஒன்றும் குறையாமல் இன்னொரு துணுக்கு எழுதமுடியும்: சூரியனில் 1868இல் சந்தேகிக்கப்பட்ட வாயு, 27 ஆண்டுகள் கழித்து ஒரு கல்லிலிருந்து வந்தது. இது இன்னும் சுவையாக இல்லையா? யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியம் உண்டாகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால், அதற்குள்ளும் இந்த நிமிடம் அது உண்டாகிக்கொண்டிருக்கிறது.

குண்டூரின் பெருமையைப் பறிப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த ஊருக்கு உரியது, கிரகணம் முடிந்த மறுநாள் காலை நடந்த காரியம். அந்த வழி திறந்திராவிட்டால் லாக்யரின் அந்த நூலிழை இடைவெளியை நிதானமாக அளந்திருக்க முடியாது. போக்சனும் ரகுநாதாச்சாரியும் வேலைபார்த்த சென்னை வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளைக் கிரகணத்துக்குக் காத்திராமல் நாள்தோறும் பதிவுசெய்வது, கடந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலே அங்கே வழக்கமான வேலையாகிவிட்டது.