கிணற்று நீரை அளப்பது யார்?

நிலத்தடி நீர் குறைவதைக் கண்டுபிடிக்க இன்று தரையில் கால் வைக்கவே வேண்டாம். 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து ஏவிய ‘கிரேஸ்’ இரட்டைச் செயற்கைக்கோள்கள், சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நீர்வளம் மிகுந்த பகுதி வந்தால், அதன் ஈர்ப்பு முன்னால் போகும் கோளைச் சற்றே இழுக்கும், இடைவெளி மாறும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மாற்றத்தையும் அளந்துவிடுவார்கள். பஞ்சாப், ஹரியாணா, டெல்லி, ராஜஸ்தான் பகுதிகள் 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபருக்குள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்த செய்தி இப்படித்தான் வெளிவந்தது. அபாரமான கருவி, சந்தேகமில்லை. ஆனால் அதனால் ஒரு கிராமத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது. நெல் போடுவதா, கடலை போடுவதா என்று யோசிக்கும் விவசாயிக்கு 109 என்ற எண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மோட்டார் சுவிட்சில் கை வைப்பவரிடம், விதைப்புக்கு முன் வந்து சேராத அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பாதிப் பயன்தான்.

ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு துணைநின்ற ஒரு திட்டம் 2000-களில் இதைத் தலைகீழாகச் செய்தது. நீரைத் தொட்டதும் ஒலியெழுப்பும் முனை கொண்ட நாடாவை 15 நாளுக்கு ஒருமுறை போர்வெல்லுக்குள் இறக்கி, நீர்மட்டத்தை விவசாயிகளே குறித்தார்கள். டிரம்மையும் ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டு, மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஊர் கூடும். நிலத்தடியில் இருப்பது இவ்வளவு, போட நினைக்கும் பயிர்கள் கேட்பது இவ்வளவு என்று வரவு செலவு பார்க்கும். துண்டு விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். தடையுமில்லை, அபராதமுமில்லை; ஆனாலும் பலர் நெல்லைக் குறைத்தார்கள், பல இடங்களில் நீரெடுப்பு குறைந்தது.

விவசாயி எழுதும் அளவை நம்பலாமா, தானியங்கி உணரிகளை இறக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இறக்கலாம். ஆனால் உணரி தலைநகரத்துக் கணினிக்குத் தகவல் அனுப்பிவிட்டு, கிணற்றுக்காரரிடம் மட்டும் மௌனம் சாதித்தால் பழைய கதைதான். கனமான ஆட்சேபம் வேறு: ‘நான் நிறுத்தினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறைத்துவிடுவாரே?’ அறிவு மட்டும் இதற்கு விடையாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் கிராமம் ஆண்டுதோறும் நீர்க்கணக்கு போடுவதோடு நிற்கவில்லை. பாசனத்துக்கு போர்வெல் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது. பஞ்சாப் 2018-இல் வேறு வழி பிடித்தது: ஒதுக்கீட்டில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் விவசாயிக்கு 4 ரூபாய்.

தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டாவது வழி எளிதல்ல. இங்கே விவசாய மின்சாரம் இலவசம். மிச்சத்தை அளக்க மீட்டர் வேண்டும்; மீட்டர் என்றாலே அடுத்து பில் வரும் என்ற அச்சம் உண்டு, அதை அவநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. ஊர்தோறும் நீர்க்கணக்கு போட மத்திய அரசு 2019 டிசம்பரில் 6,000 கோடி ரூபாயில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் எடுத்துக்கொண்ட 7 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை, வழிகாட்டிய ஆந்திரமும் இல்லை. ஆனால் நாடாவுக்கும் டிரம்முக்கும் மீட்டரும் வேண்டாம், டெல்லியின் பட்டியலும் வேண்டாம். ஐப்பசிக்கு முன் ஒரு கிராமசபைக் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் போட ஊராட்சிகளே முடிவெடுக்கலாம்.